குன்னூரா, ஊட்டியா, கொடைக்கானலா? தற்பாலீர்ப்பு ஆண்கள் பாடற்குழு மலையேறும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஜூனில் பிரைடு மாதக் கச்சேரி, டிசம்பரில் பண்டிகைக் கச்சேரி, இடையே மார்ச் அல்லது ஏப்ரலில் ஒன்று. அமெரிக்கா, இங்கிலாந்தில் உள்ள தற்பாலீர்ப்பு ஆண்கள் பாடற்குழுக்களின் வருஷம் பெரும்பாலும் இந்தத் தேதிகளைச் சுற்றியே ஓடுகிறது. அதே கணக்கை நீலகிரிக்கோ கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கோ அப்படியே கொண்டுவந்தால் மூன்றுமே உதைக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. டிசம்பரில் ஊட்டியில் உறைபனி, மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு பயம், கூடவே அரையாண்டு விடுமுறைக் கூட்டம். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடும். அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது.

இருபதிலிருந்து இருபத்தைந்து பேர் வரை உள்ள ஒரு குழு, பாடுபவர்கள் கோவை, சென்னை, பெங்களூர் என்று பிரிந்திருக்கிறார்கள், மலையில் ஒரே ஒரு நிகழ்ச்சி, வந்து கேட்பவர்கள் 100 முதல் 150 பேர். இந்த அளவை வைத்துக்கொண்டுதான் இங்கே மூன்று ஊர்களையும் ஒப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலான குழுக்களுக்குக் குன்னூர், பிப்ரவரி நடுப்பகுதி, சனிக்கிழமை மதியம் 3 மணி, மூடிய அரங்கம், மைக் இல்லாமல். ஊட்டியும் கொடைக்கானலும் ஜெயிக்கிற சந்தர்ப்பங்களும் உண்டு. அவை கீழே வரும்.

யாருக்காக ஏறுகிறோம்

இடத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு பார்வையாளரைத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. இந்த வகைக் குழுக்களின் வரலாறே வேறு மாதிரி. சான்பிரான்சிஸ்கோ தற்பாலீர்ப்பு ஆண்கள் பாடற்குழு முதன்முதலாகப் பொதுவில் பாடியது எந்த அரங்கத்திலும் இல்லை. தற்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்திருந்த நகரமன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1978 நவம்பர் 27 அன்று இரவில், நகரமன்றப் படிக்கட்டில், மெழுகுவத்தியோடு கூடிய கூட்டத்துக்கு நடுவில். அதே குழு 1981-ல் அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் போய்ப் பாடிய பிறகு வேறு ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் முளைத்தன. 1982-ல் காலா கோரஸஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. 2017-ல் சான்பிரான்சிஸ்கோ குழு மறுபடி பயணம் கிளம்பியபோது தேர்ந்தெடுத்தது மிசிசிப்பி, அலபாமா, டென்னசி, இரண்டு கரோலினாக்கள் என்ற தென்மாநிலங்களை. டிக்கெட் அதிகம் விற்கும் ஊர்கள் என்பதற்காக அல்ல, அங்கே கேட்க வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பதற்காக.

அதனால் முதல் கேள்வி இது: சுற்றுலா வந்தவர்களுக்குப் பாடப் போகிறீர்களா, மலையிலேயே இருப்பவர்களுக்கா? முதலாவது என்றால் ஊட்டி. இரண்டாவது என்றால், மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், உங்கள் நிகழ்ச்சிக்கு வர ஆசைப்பட்டாலும் வாசலில் யார் பார்ப்பார்கள் என்று யோசிப்பார். இதற்குத் தோதான அரங்கம், வேறு பத்துக் காரணங்களுக்காகவும் ஆட்கள் நுழைந்து வெளியேறுகிற இடம். நூலகம், பேக்கரி, வங்கி பக்கத்தில் இருந்தால் நல்லது. ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் ரிசார்ட், ரகசியம் காக்கும் இடம் போலத் தோன்றும், நடப்பதோ தலைகீழ். அந்தச் சாலையில் திரும்புகிற ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஊர்கள்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நீலகிரியில் பெரிய ஊர், கூட்டத்தில் கரைந்துபோகலாம், தங்கும் அறைகள் நிறைய. 1829-ல் கட்டத் தொடங்கிய புனித ஸ்டீபன் தேவாலயமும், ஆர்ச் ஜன்னல் வைத்த நீலகிரி நூலகமும் போன்ற கட்டடங்களைப் பார்த்தவுடன் 'இங்கே பாடினால் எப்படி இருக்கும்' என்று யாருக்கும் ஆசை வரும். ஆசைக்கும் அனுமதிக்கும் நடுவே ஒரு கமிட்டி இருக்கிறது. எந்தத் தேவாலயமானாலும், எந்தப் பழைய சங்கமானாலும், முடிவெடுப்பது கமிட்டி. செயலாளர் ஒருவர் போனில் 'தாராளமா' என்று சொன்னது சம்மதம் ஆகாது. மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. அந்த வாரங்களில் இரண்டு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு, கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளி வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாடுபவர்கள் வந்து சேர்ந்து, கேட்பவர்களின் கார் சோதனைச்சாவடியில் நிற்கிற கச்சேரி யாருக்கும் வேண்டாம். அரசுப் பேருந்தில் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை; இதை அறிவிப்பிலேயே போடுங்கள்.

குன்னூர் 1,850 மீட்டர் சுமார். ஊட்டியைவிட நானூறு மீட்டர் தாழ்வு என்பது பாடுபவர்களுக்கு நிஜமான லாபம், குளிரும் குறைவு. கோவையிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். ஊட்டியிலிருந்தும், கோத்தகிரியிலிருந்தும், வெலிங்டனிலிருந்தும் ஆட்கள் சுலபமாக வந்து போகலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கத்தில்தான் வடகிழக்குப் பருவமழை அடிக்கும். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழிதான். அந்த மூன்று மாதங்களில் குன்னூரை நினைக்கவே வேண்டாம்.

கோத்தகிரியைத் தனியாக எடுத்துப் பேசாததற்குக் காரணம், நூற்றுக்கு மேல் ஆள் உட்கார்ந்து குழுப்பாடல் கேட்கத் தோதான இடத்துக்கு அங்கே அதிகம் அலைய வேண்டும். நாற்பது பேருக்கு வீட்டு நிகழ்ச்சி என்றால் அருமை.

கொடைக்கானல், 2,100 மீட்டருக்குச் சற்று மேல், வேறு கணக்கு. 1901-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளியும், மிஷனரிகள் காலத்துத் தேவாலயங்களும் இருக்கிற ஊர். நாலு குரலில் பாடுவதை உட்கார்ந்து கேட்டுப் பழகிய காதுகள் இங்கே உண்டு. ஆனால் ஒரு மாலை நிகழ்ச்சிக்காக ஏறி இறங்கும் ஊர் அல்ல. சென்னையிலிருந்து ரயிலில் வந்தாலும் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனிலிருந்து எண்பது கிலோமீட்டர் சாலை, பெரும்பகுதி மலைப்பாதை. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பர் முதல் தடை, எனவே இரண்டு டெம்போ டிராவலர் எடுப்பது சுலபம். இரண்டு இரவு தங்கி, நாள் முழுக்கப் பயிற்சி செய்து, கடைசி நாள் அறுபது பேருக்குப் பாடிவிட்டு இறங்குவது என்று திட்டம் போட்டால் குன்னூரைக் கொடைக்கானல் தோற்கடிக்கும். புதிதாகச் சேர்ந்த குழு, ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத குழு என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து மைசூர் வழியாகக் காரில் கிளம்பினால் பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ராத்திரி ரயிலில் கோவை வந்து காலையில் ஏறுவதுதான் உத்தமம். மலை ரயிலைப் பயணத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி ஊட்டிக்கு மதியம்தான் வரும், கீபோர்டு பெட்டிக்கு அதில் இடமும் கிடையாது.

ஏன் பிப்ரவரி

ஜனவரி வரை ஊட்டியில் உறைபனி. பிப்ரவரி பாதியில் பகல் வெயில் நன்றாக இருக்கும், மழை அநேகமாக இல்லை. மார்ச் வந்தால் பிளஸ் டூ பொதுத்தேர்வு. பள்ளி அரங்கங்கள் கிடைக்காது, சத்தம் பற்றிய புகாரும் உடனே வரும். பிப்ரவரியின் ஒரே தொந்தரவு, அது தை மாசிக் கல்யாண காலம். முகூர்த்த நாளில் மண்டபம் மட்டுமல்ல, நாற்காலியும் சமையல்காரரும்கூடக் கிடைக்கமாட்டார்கள். காலண்டரில் முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையை முதலில் வட்டமிடுங்கள்.

செப்டம்பர் இரண்டாம் தேர்வு. ஊட்டியில் 'இரண்டாம் சீசன்' என்பார்கள், கூட்டம் மே அளவுக்கு இருக்காது. மழை வந்தாலும் வரலாம் என்ற நிலைதான். மழையில் இடம் மாற்றத் தயாராக இருப்பவர்கள் மட்டும் பாருங்கள்.

நேரம் மதியம் 3 மணி என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எழுபது நிமிடப் பாட்டு, நடுவில் பதினைந்து நிமிட டீ, 4.30-க்கு முடிந்துவிடும். ஆறரைக்குப் பிறகு மலைச் சாலையில் மூடுபனி இறங்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களில் இருட்டிய பிறகு காட்டெருமை நிற்பது அன்றாடம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் உங்கள் கடைசிப் பாட்டைக் கேட்காமல் எழுந்து போவார். அவரைத்தான் நீங்கள் மலையேறி வந்து பார்க்க நினைத்தீர்கள்.

அரங்கம்: வெறும் மண்டபத்தில் கைதட்டிப் பார்த்தால் போதாது

புல்வெளியில் பாடுவது போட்டோவுக்கு மட்டும் நல்லது. பின்னால் தேயிலைச் சரிவு, முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட இருபத்து நான்கு ஆண்கள், அழகுதான். ஆனால் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காது, எல்லோரும் தன்னையறியாமல் கத்துவார்கள், மூன்றாவது பாட்டில் தொண்டை போய்விடும். கீழ்ச்சுரம் பாடும் பேஸ் குரல்கள் காற்றோடு போகும். மைக் வைத்தால் அதற்குக் காவல் நிலைய அனுமதி, ஜெனரேட்டர் சத்தம், எதிர்ச் சரிவிலிருந்து தாமதமாக வரும் எதிரொலி என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

கல்யாண மண்டபம் பரவாயில்லை, ஒரு விஷயத்தில் சமவெளி மண்டபங்களைவிட மேல்: மலை மண்டபங்களில் ஃபேன் இரைச்சல் இருக்காது. எதிரெதிர் வெறுஞ்சுவர்கள் இருந்தால் கைதட்டல் படபடவென்று திரும்பும். பக்கச் சுவர்களில் ஜமுக்காளமோ கனமான திரையோ தொங்கவிட்டால் அடங்கும். கூரையைத் தலை நிமிர்ந்து பாருங்கள். தகரமாக இருந்து, கீழே ஃபால்ஸ் சீலிங் இல்லையென்றால், சின்னத் தூறலிலேயே உங்கள் மென்மையான பாட்டு எதுவும் கேட்காது. மழை மாதங்களில் தகரக் கூரை மண்டபத்தை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

கல் சுவரும் உயரமான கூரையும் உள்ள கட்டடத்தில் ஒலி இரண்டு, இரண்டரை விநாடி தங்கும். மெதுவான ஆங்கில, லத்தீன் பாடல்களுக்கு அது வரம். தமிழுக்கு அப்படியில்லை. 'பட்டு', 'பாட்டு', 'பத்து', 'பாத்து' என்று ஒற்றும் குறில் நெடிலும் பொருளைத் தாங்கும் மொழியில், முந்தைய எழுத்தின் ஓசை அடுத்ததன் மேல் வழிந்தால் வார்த்தை குழம்பிவிடும். ஒற்றில் ஒரு நூல் கூடுதலாக நின்று, வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாடினால் சமாளிக்கலாம். வேகமான நாட்டுப்புறப் பாடல்களைக் கல் கட்டடத்துக்கு எடுத்துப்போகவே கூடாது.

நடுத்தர அளவுப் பள்ளி அரங்கம், அல்லது பலகைத் தரை போட்ட பழைய பெரிய அறை, இரண்டும்தான் எங்கள் முதல் தேர்வு. ஒலி ஒன்றேகால் முதல் ஒன்றரை விநாடி வரை தங்கினால் போதும். சோதிக்க, மேடையில் நின்று பலமாக ஒரு தட்டுத் தட்டி, கடைசி வரிசையில் ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். ஒலி முற்றிலும் அடங்கும் நேரத்தைப் பதிவில் பார்க்கலாம். ஆனால் வெறும் அரங்கத்தில் கிடைக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். சமவெளியில் நூறு பேர் பருத்திச் சட்டையோடு வருவார்கள். மலையில் அதே நூறு பேர் ஸ்வெட்டர், சால்வை, மப்ளர், ஜெர்கின் என்று வருவார்கள். அத்தனை கம்பளியும் சேர்ந்து ஒலியின் மேல்பகுதியை உறிஞ்சிவிடும். காலையில் பளிச்சென்று ஒலித்த அறை மதியம் மந்தமாகிவிட்டது என்று குழு பதறுவதற்கு இதுவே காரணம். வெறும் அரங்கத்தில் 'கொஞ்சம் அதிகமாகவே எதிரொலிக்கிறதே' என்று தோன்றுகிற இடம்தான் ஆள் நிறைந்ததும் சரியாக இருக்கும்.

பலகைத் தரையின் குறை, கிரீச். இருபத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் எடையை மாற்றினால் அமைதியான இடத்தில் அது தனி வாத்தியமாகக் கேட்கும். முந்தைய நாள் அரங்கத்தில் வரிசை வரிசையாக நடந்து, கத்தும் பலகைகளைச் சாக்பீசால் குறியிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். பழைய பங்களாக்களில் கணப்பு இருந்தால் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடச் சொல்லுங்கள். புகையும் வறண்ட காற்றும் தொண்டையை அடைக்கும்.

மேடை அளவு: எட்டு எட்டுப் பேராக மூன்று வரிசை. ஒருவருக்கு அறுபது சென்டிமீட்டர் என்றால் அகலம் ஐந்து மீட்டர், ஆழம் மூன்று மீட்டர், முன்னால் கொயர் மாஸ்டருக்கு ஒன்றரை மீட்டர். படி மேடை கிடைக்காவிட்டால் பள்ளிக்கூட பெஞ்சுகள் போதும், ஆடாமல் கயிற்றால் சேர்த்துக் கட்டினால்.

உயரம் குரலை என்ன செய்கிறது

ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு, குன்னூரில் 19 அல்லது 20. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறைகிறது. சென்னையில் பன்னிரண்டு விநாடி இழுத்த ஒரு வரி, இங்கே அதற்கு முன்பே நடுங்கத் தொடங்கலாம். நுரையீரலில் காற்று தீர்ந்திருக்காது, உடம்பு அடுத்த மூச்சுக்கு அவசரப்படுத்தும். இதற்கு வழி, நீண்ட வரிகளில் மூச்செடுக்கும் இடத்தை ஆளுக்கொன்றாகப் பென்சிலில் குறித்துக்கொள்வது. பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக்கூடாது. கனமான இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைக்காமல், இடையே நாலு பேர் மட்டும் பாடும் ஒன்றைச் செருகுங்கள்.

ஆண்கள் குழுவில் நாலு குரல், மேலிருந்து கீழாக: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ். இருபத்து நான்கு பேரில் ஐந்து, ஆறு, ஆறு, ஏழு என்று பிரிப்பது பொருந்தும். மேல் குரல் குறைவாக இருந்தாலும் தனியே கேட்கும், கீழ்க் குரலுக்குத்தான் ஆள் வேண்டும். குளிரில் முதல் டெனர்கள் மேல்சுரத்தில் திணறுவதால் சுருதியை அரைச்சுரம் இறக்குவது வழக்கம். இறக்கினால் பேஸ் குரல்களின் அடிச்சுரம் தரையைத் தொட்டு மறைந்துபோகும். குன்னூர் உயரத்தில் இறக்காமலே சமாளிக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் ஒன்றிரண்டு பாடல்களுக்கு மட்டும் இறக்குங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

வாத்தியம் வைத்தால் வேறு சிக்கல். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு டிகிரி குறைந்தால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கும். 28 டிகிரியில் சேர்த்த புல்லாங்குழல் 14 டிகிரி அரங்கத்தில் 40 சென்டுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட கால் சுரம் கீழே நிற்கும். ஊதி ஊதிச் சூடானால் பாதி மீளும். எலெக்ட்ரானிக் கீபோர்டு ஒரு சென்டும் அசையாது, ஹார்மோனியத்தின் பித்தளை ரீடும் அதிகம் அசையாது. எனவே குழலும் கீபோர்டும் ஒரே பாட்டில் வந்தால் அடிபடும். கீபோர்டின் ட்யூனிங்கைக் குழலுக்கு ஏற்பக் குறைப்பது சுலபம், அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள். மிருதங்கம், தபேலா மூடுபனி ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்கும். அறையில் வைத்திருந்ததை மேடைக்குக் கொண்டுவந்து இருபது நிமிடம் கழித்துச் சேர்த்தால்தான் நிற்கும். பதிவு செய்த டிராக்கோடு பாடுவது இந்தத் தொல்லை எதுவும் இல்லாத வழி. ஆனால் மூச்சுக்காகக் கொஞ்சம் நிற்க விரும்பினால் டிராக் நிற்காது. எங்கள் வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு வாத்தியம் இல்லாமல், மீதி கீபோர்டு மட்டும்.

முந்தைய நாளே ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைவுகளில் வாந்தி எடுத்தால் வயிற்று அமிலம் குரல்நாண்களைச் சுட்டுவிடும், அன்று மாலை அவர் பாட முடியாது. வாந்தி மாத்திரை போட்டாலோ வாய் உலரும், தூக்கம் சொக்கும். ஓர் இரவு இடைவெளி இரண்டையும் தீர்க்கும். பாடும் நாளில் அறைக்குள்ளேயே இருபது நிமிடம் குரல் சூடேற்றி, மேடை ஏறும்வரை மப்ளரைக் கழற்றாமல் இருங்கள். இடைவேளை டீயோடு ஊட்டி வர்க்கி வைப்பார்கள், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், சாப்பிடாமல் இருப்பது கஷ்டம்தான். அதன் பொறுக்கு தொண்டையில் ஒட்டினால் அடுத்த பாட்டு முழுக்கச் செருமல். வர்க்கி பார்வையாளருக்கு, பாடுபவர்களுக்கு வெந்நீர்.

எந்தப் பாட்டுக்கு யாரிடம் கேட்பது

சினிமாப் பாட்டை நாலு குரலுக்குப் பிரித்து எழுதினால் அது தழுவல். உரிமைதாரரின் அனுமதி வேண்டும். மேடையில் நேரடியாகப் பாட, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் தரும் உரிமம். டிராக் ஓட்டினால் ஒலிப்பதிவு உரிமை தனி. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய பாடல்கள் இருக்கின்றன: இந்தியாவில் பாடலாசிரியர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது வருஷம் கடந்தால் வரிகள் பொதுவுடைமை. பாரதியார் வரிகளுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இசையமைப்பு பிற்காலத்தது என்றால் மட்டும் கவனம்.

செய்தியை எப்படி வெளியிடுவது

மூன்று வழிகள். எல்லாவற்றையும் போஸ்டரில் போட்டுப் பகிரங்கமாக அறிவிப்பது. ஊரும் தேதியும் பொதுவில் சொல்லி, அரங்க முகவரியைப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுப்புவது. தெரிந்தவர்கள் வழியாக மட்டும் அழைப்பது. சென்னையில் முதல் வழி சரி. மலையில் முதல் நிகழ்ச்சிக்கு இரண்டாவதுதான் பொருத்தம். மூன்றாவதில் வழக்கமாக வரும் அதே நாற்பது முகங்கள்தான் வரும், அதற்கு இவ்வளவு தூரம் ஏற வேண்டியதில்லை.

எட்டு வாரம் முன்பு முதல் செய்தி: ஊர், தேதி, மதிய நேரம், பேருந்து வசதி. மூன்று வாரம் முன்பு பாடல் பட்டியலில் இருந்து நாலைந்து, பதிவு முடியும் நாள். இரண்டு நாள் முன்பு முகவரி, எந்த நிறுத்தத்தில் இறங்குவது, குளிர்ச்சட்டை, ஸ்டீல் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை என்பதைச் சொல்லாவிட்டால் சோதனைச்சாவடியில் வாதம் நடக்கும்.

ஆனால் அரங்க உரிமையாளரிடம் மறைக்கவே கூடாது. 'ஆண்கள் குழுப்பாடல்' என்று மட்டும் சொல்லி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு போஸ்டரைப் பார்த்து அவர் ரத்து செய்தால் மாற்று இடம் தேட மூன்று நாள்கூட இருக்காது. முதல் கடிதத்திலேயே 'தற்பாலீர்ப்பு ஆண்களின் பாடற்குழு' என்று எழுதி, கையெழுத்தோடு பதில் வாங்குங்கள். 'சட்டப்படி ஏதாவது வருமா?' என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கீழ் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காவல்துறைத் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டுதல்கள் கொடுத்தார். அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலும் திருத்தம் வந்தது. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கடிதத்தோடு வைத்தால் பாதிப் பேச்சு மிச்சம். மறுக்கிறவர் முதல் வாரமே மறுக்கட்டும், அது உபகாரம்.

மைக் இல்லாத உள்ளரங்க நிகழ்ச்சி என்றாலும் காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்றால் கேளிக்கை வரி பற்றி நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

படம் பிடிப்பது பற்றிக் கண்டிப்பு வேண்டும். பாடுபவர்களில் வீட்டுக்குத் தெரிந்தவர்களும் இருப்பார்கள், தெரியாதவர்களும் இருப்பார்கள். பெயரை முழுதாகப் போடுவதா, முதல் பெயர் மட்டுமா, குரல் வகை மட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி வேண்டாம். படத்தில் வரச் சம்மதிப்பவர்களை இடது பாதியிலும் மற்றவர்களை வலது பாதியிலும் நிறுத்த முடியாது, குரல் பிரிவு கெட்டுவிடும். அதனால் நடைமுறை வழி இதுதான்: நிகழ்ச்சி முழுக்க யாரும் படம் எடுக்கக்கூடாது, கடைசிப் பாட்டு முடிந்ததும் சம்மதித்தவர்கள் மட்டும் மேடையில் நிற்க ஐந்து நிமிடம் போட்டோ. பார்வையாளர் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. இதை அறிவிப்பில் எழுதுங்கள், வாசலில் ஒட்டுங்கள், பாட்டுத் தொடங்கும் முன் வாயாலும் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் மறந்துவிடுவார்கள்.

உள்ளூர் நிருபர் யாராவது வருவார். வெளியேற்றிவிட வேண்டாம். குழுவில் பேசத் தயாராக இருக்கிற ஒருவரை முன்பே தீர்மானித்து, எழுதிய ஒரு பக்கச் செய்தியும், சம்மதம் உள்ள ஒரு படமும் கையில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் தானாக ஒரு படம் தேடிப் போட்டுவிடுவார்.

குன்னூரில் பிப்ரவரி சனிக்கிழமை என்று முடிவெடுத்தால் அரங்கத்தை அக்டோபரிலேயே பேசி, நவம்பருக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாற்று இடமாகக் கோத்தகிரியிலோ கோவையிலோ ஒன்றைப் பெயரளவில் பேசிவைப்பது நல்லது. கொடைக்கானல் தங்கல் என்றால் அறைகளை ஒரே வீட்டில் எடுங்கள், இரண்டு விடுதிகளில் பிரித்தால் இரவுப் பயிற்சி நடக்காது. ஊட்டி என்று பிடிவாதமாக இருப்பவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்தைப் பார்க்கலாம். தகரக் கூரை மட்டும் வேண்டாம்.